பெலிண்டா தூங்கிய மூன்று நாட்கள்

பாலக்கரையில் ஜெகபர் அலி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். முத்திரை வீடு எது என்று கேட்டால் தள்ளுவண்டிக்காரர்கூடக் கை காட்டுவார். ஜெகபர் அலியின் பாட்டனார் கடைத்தெருவில் எடைக்கற்களுக்கும் படிகளுக்கும் முத்திரை குத்தும் வேலையில் இருந்தவர். அவர் குத்திய கல்லை மறுபடி நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை என்பது அந்தக் குடும்பத்தின் பெருமை. ஜெகபர் அலியும் நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் அளக்கும் பிரிவில்தான் இருந்தார். போட்ட ரோட்டின் கனம் எவ்வளவு, ஊற்றிய கான்கிரீட் எவ்வளவு தாங்கும் என்று சோதித்துச் சொல்கிற வேலை. ஒப்பந்தக்காரர்கள் அவரைக் கண்டால் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்பார்கள். எழுதின எண்ணை மாற்றி எழுதச் சொல்லி அவரிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்கும் தைரியம் வரவில்லை என்று சொல்வதே சரி.

ஓய்வு பெற்ற பிறகும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. மகன் கலீம் தில்லைநகரில் ஒரு சின்னப் பரிசோதனைக் கூடம் வைத்திருந்தான். தண்ணீர், புகை, தூசு, சத்தம் எல்லாவற்றையும் அளந்து அறிக்கை தரும் கூடம். அதில் கட்டட வேலைச் சத்தத்தை அளக்கும் பொறுப்பை ஜெகபர் அலி கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்கான படிப்பைப் படித்து, பரீட்சையும் எழுதித் தேறினார். அறுபத்தாறு வயதில் சத்தம் அளக்கும் கருவியின் முக்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு முதுகு வளையாமல் அவர் நடந்து போவதைப் பார்த்தால் ஏதோ பட்டாளத்து ஆள் என்றுதான் தோன்றும்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த இடத்துக்கு அளக்கப் போவதானாலும் முந்தின நாளே போன் செய்து, இத்தனை மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிடுவார். அடுத்தவர் இடத்தில் சொல்லாமல் போய் நிற்பது மரியாதை கெட்ட செயல் என்று சொல்லி அவரை வளர்த்திருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெண் வீடு தேடி வந்தாள். நாற்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. உட்காரச் சொன்னதற்கும் உட்காராமல், கையிலிருந்த காகிதத்தை நீட்டினாள். ஜெகபர் அலி போன மாதம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அறிக்கையின் நகல் அது.

"நான் பெலிண்டா சார். ஸ்ரீரங்கத்துல, அம்மா மண்டபம் ரோட்டுக்கு உள்ளாற லாட்ஜ் கட்டறாங்களே, அதுக்கு ஒட்டின வீடு. நர்ஸ். நைட் டூட்டி. பகல்லதான் தூக்கம்."

ஜெகபர் அலிக்கு உடனே நினைவு வந்தது. ஆறு மாடி லாட்ஜ். அஸ்திவார வேலையின் சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டிலிருந்து நகர அலுவலகத்துக்குப் புகார் போயிருந்தது. பக்கத்துச் சுவரோரத்தில் சத்தம் எழுபத்தைந்து டெசிபெல்லைத் தாண்டக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அந்தக் கட்டடத்துக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். அவர் மூன்று நாள் போய் அளந்தார். எழுபத்தொன்று, எழுபத்திரண்டு, எழுபது. நிபந்தனைக்கு உட்பட்டே வேலை நடக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

"இது பொய்ங்கறீங்களா?" என்றார்.

"நான் சொல்லலை சார். இந்தப் பேப்பர்தான் என்னைப் பொய்க்காரிங்குது. எங்க வீட்டு ஓனரம்மா இதைப் படிச்சுட்டு, 'இவ்வளவு பெரிய மனுசன் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு, உனக்குத்தான் ஏதோ கோளாறு, ஒரு டாக்டரைப் பாரு'ங்கிறாங்க. நான் டாக்டருங்களோடதான் சார் ராப்பூரா நிக்கறேன்."

"கருவி பொய் சொல்லாதும்மா. கிளம்பறப்பவும் சரிபாக்கிறேன், திரும்பி வந்தும் சரிபாக்கிறேன். மூணு நாளு, தினம் ரெண்டு மணி நேரம், உங்க சுவரோரமா நின்னு எடுத்த கணக்கு அது."

"தெரியும் சார். புதன், வியாழன், சனி. பத்தரையிலேர்ந்து பன்னெண்டரை வரைக்கும்."

"கிழமை, நேரமெல்லாம் எப்படி ஞாபகம் இருக்கு?"

"அந்த மூணு நாளுதான் சார் நான் தூங்கினேன்."

நோயாளியின் காய்ச்சல் அளவைப் படித்துச் சொல்வதுபோலத்தான் அவள் அதைச் சொன்னாள். குரலில் கோபம் இல்லை.

"திடீர்னு சத்தம் கொறையும். கொறைஞ்சா அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கிடுவேன். பன்னெண்டே முக்காலுக்கு மறுபடி பிடிச்சுக்கும். சன்னல் வழியாப் பாத்தா நீங்க அந்த முக்காலியைத் தோள்ல போட்டுட்டுத் தெருமுனை திரும்பிட்டிருப்பீங்க. மூணு நாளும் அப்படித்தான். போன வாரம் வார்டுல ஒருத்தருக்கு மருந்தை மாத்திக் குடுக்கப் பாத்தேன் சார். கூட இருந்த பொண்ணு கையைப் பிடிச்சுட்டா. அதுக்கப்புறம்தான் உங்க அட்ரஸைத் தேட ஆரம்பிச்சேன்."

ஜெகபர் அலி காகிதத்தை வாங்கித் தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு, "உங்க வீட்டுக்கு மாடி இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. சாவி எங்கிட்டதான்."

"செவ்வாக்கிழமை வரேன். அவங்களுக்குத் தெரிய வேணாம்."

செவ்வாய்க்கிழமை கலீம் மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி ஆலைக்குத் தூசு அளக்கப் போயிருந்தான். ஜெகபர் அலி மருமகள் வஹீதாவைக் கூப்பிட்டுப் புறப்படச் சொன்னார். சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போகும்போது வஹீதா கேட்டாள்.

"நான் எதுக்கு மாமா?"

"அந்தப் பொண்ணு தனியா இருக்கு. நான் மட்டும் போய் நின்னா நல்லாருக்காது."

"இந்தக் கருவிப் பெட்டியைத் தொடவே விடமாட்டீங்க. இன்னிக்கு மடியில வச்சுக்கச் சொல்றீங்க. என்னமோ பெரிய விசயம்தான்."

"ஆட்டாம வச்சுக்க."

பெலிண்டாவின் மாடியிலிருந்து பார்த்தால் கட்டட இடம் முழுக்கத் தெரிந்தது. அங்கிருந்து பார்ப்பவர்களுக்கு மாடியும் தெரியும். ஜெகபர் அலி கொடியில் கிடந்த சேலை ஒன்றை அகலமாக விரித்துவிடச் சொன்னார். சேலை ஆளை மறைக்கும், சத்தத்தை மறைக்காது. அதற்குப் பின்னால் முக்காலியை நிறுத்தி, கருவியைப் பொருத்தி, காற்றின் இரைச்சல் ஏறாமலிருக்க அதன் தலையில் பஞ்சுக் குல்லாயை மாட்டினார். பிறகு தண்ணீர்த் தொட்டியின் நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வாழ்க்கையில் யாருக்கும் பயந்து ஒளிந்ததில்லை. இப்போது ஒரு பெண்ணின் சேலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறோம் என்று நினைத்தபோது காது மடல் சூடானது. வஹீதா சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

இரண்டு ஆற்றுக்கும் நடுவில் கிடக்கும் மண் அது, வெறும் மணல். ஆழமாகத் தோண்டினால் சரிந்துவிடும். அதனால் முதலில் பெரிய இரும்புக் குழாய் ஒன்றை அடித்து இறக்கிவிட்டு, அதற்குள்ளிருக்கும் மணலை எடுத்த பிறகுதான் கான்கிரீட் தூணை இறக்குவார்கள். முக்கால் டன் எடையை வின்ச் இயந்திரம் மேலே இழுக்கும். இழுத்தபின் பிரேக்கை விட்டால் எடை குழாயின் தலையில் விழும்.

விழுந்தது.

அந்தச் சத்தம் காதுக்கு வருமுன்பே மார்புக்கூட்டில் இடித்தது. பெலிண்டாவின் வீட்டுச் சன்னல் கம்பிகள் அதிர்ந்து அடங்கின. அடங்குவதற்குள் அடுத்தது விழுந்தது. கருவியில் எண் தொண்ணூற்றொன்றைத் தொட்டு இறங்கிற்று. கால் மணி நேரத்துக்குச் சராசரி எடுத்தபோது எண்பத்து நான்கு வந்தது. எழுபத்திரண்டுக்கும் எண்பத்து நான்குக்கும் வித்தியாசம் பன்னிரண்டுதான் என்று தெரியாதவர்கள் சொல்லலாம். காதுக்கு அது இரண்டு மடங்குக்கு மேல். ஜெகபர் அலி அந்த எண்ணை மூன்று முறை பார்த்துவிட்டு நோட்டில் எழுதினார்.

கீழே பெலிண்டா தலையணையைக் காதோடு அழுத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்ததைத் தண்ணீர் கேட்கப் போன வஹீதா பார்த்துவிட்டு வந்தாள். வந்து தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, ஒண்ணு சொல்லட்டா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"நீங்க வெளியிலேர்ந்து வந்தா நான் மிக்சியை நிறுத்திடுவேன். பிள்ளைங்க டிவியைக் கொறைச்சிடும். இவுக போன்ல கத்திட்டிருந்தாலும் மெதுவாப் பேசுவாக. நீங்க வாசல்ல செருப்பை விடறப்பவே வீடு அமைதியாயிடும்."

"நம்ம வீடு எப்பவுமே அமைதியான வீடு."

கொடியில் சேலை அசைந்தது. ஜெகபர் அலிக்கு அவள் சொன்னதன் அர்த்தம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உறைத்தது. இத்தனை வருடமாக அந்த வீட்டை அமைதியான வீடு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் இல்லாதபோது அது எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

அவர் எழுந்தார். கருவியை முக்காலியிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, தெருவைச் சுற்றிக் கட்டட இடத்தின் வாசலுக்கு வந்தார். தகரக் கதவுக்கு வெளியே கருவி எண்பத்து மூன்று காட்டிற்று. கதவைத் தள்ளி உள்ளே காலை வைத்தார். வின்ச்சில் இருந்தவன் அவரைப் பார்த்தான். இன்ஜினின் உறுமல் பாதியாக இறங்கியது. மேலே தொங்கிய எடை, பிரேக்கில் பிடித்துப் பிடித்து, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோலக் குழாயின் மேல் வந்து உட்கார்ந்தது. கையிலிருந்த எண் அவர் கண்முன்னாலேயே இறங்கி எழுபத்தொன்றில் நின்றது.

வின்ச் ஓட்டுபவன் மருதை. வையம்பட்டிக்காரன். அவன் அப்பா ஆண்டி, ஜெகபர் அலியின் காலத்தில் சாலை போடும் ரோலர் ஓட்டியவர். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு மருதை இறங்கி வந்தான்.

"வாங்கய்யா. இன்னிக்குச் சொல்லாம வந்துட்டீங்க."

"ஏன் நிறுத்தினே?"

"நிறுத்தலீங்களே. ஓடுது."

"எடையை ஏன் பிரேக்ல பிடிச்சு இறக்கறே?"

மருதை தலையைச் சொறிந்தான். "அய்யா நிக்கிறீங்க."

"நின்னா?"

"நீங்க நிக்கிறப்ப எப்படிங்கய்யா மடார் மடார்னு போடறது? எங்கப்பா சொல்லுவாரு, ரோலர்ல வர்றப்ப நீங்க எதிர்ல வந்தா இன்ஜினை அமத்திட்டுத்தான் கும்பிடுவேன்னு. எனக்கு மட்டும் அது தெரியாதாங்க?"

ஜெகபர் அலிக்கு ஆண்டியின் முகம் நினைவிருந்தது. ரோலர் நிற்கும், ஆண்டி கும்பிடுவார், இவர் தலையை லேசாக அசைத்துவிட்டு நடப்பார். நின்று போன இயந்திரத்தைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. அது தனக்குச் சேர வேண்டியது என்றே வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

அதற்குள் வேலையிடத்துப் பொறுப்பாளர் சுரேஷ்குமார் ஓடி வந்தார். "போன் பண்ணியிருந்தா டீ சொல்லி வச்சிருப்பேனே சார்" என்றார். கையிலிருந்த கருவியைப் பார்த்ததும் முகம் மாறியது.

"நான் அளந்த நாள்லெல்லாம் இப்படித்தான் ஓட்டினாங்களா?"

"நாங்க யாரும் சொல்லித் தரலை சார். அவனாப் பண்றது. நமக்கு நல்லதுதானேன்னு நானும் விட்டுட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதைப் பெரிசு பண்ணினீங்கன்னா ரிப்போர்ட்டைக் கெடுத்தவன் யாருன்னு மேல கேப்பாங்க. நான் இவனைத்தான் கை காட்டணும். மறுநாளே ஊருக்கு அனுப்பிடுவாங்க."

மருதை இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். தான் என்ன தப்புச் செய்தோம் என்று அவனுக்கு இன்னும் விளங்கவில்லை.

அன்று சாயங்காலம், அஸர் தொழுகை முடிந்து வந்து, ஜெகபர் அலி மேசையில் உட்கார்ந்து நகர அலுவலகத்துக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். கலீம் பின்னால் நின்று படித்தான். படிக்கப் படிக்க அவன் மூச்சு வேகமாயிற்று.

"அத்தா, முதல்ல குடுத்ததைத் தப்புன்னு எதுக்கு எழுதணும்? கூடுதலா ஒரு தடவை அளந்தோம், இந்தத் தடவை ஜாஸ்தி இருந்துச்சுன்னு குடுத்தாப் போதும். அந்தப் பொண்ணுக்கும் வேலை முடிஞ்சுடும்."

"அந்தப் பொண்ணு ஒரு மாசமாப் பொய்க்காரியா இருந்திருக்கு. அதை யாரு முடிக்கிறது?"

"நம்ம கூடத்தோட பேரு போயிடும். இந்த ஊர்ல நமக்கு எதிரா எத்தனை பேரு உக்காந்திருக்கான்னு உங்களுக்குத் தெரியாது."

"பேரு அந்தப் பேப்பர் வெளியில போன அன்னிக்கே போயிடுச்சு. நம்ம காதுக்கு வர ஒரு மாசம் ஆச்சு."

கலீம் எதிரே வந்து உட்கார்ந்தான். "சரி, எழுதறதுதான் எழுதறீங்க. மருதைதான் வேகத்தைக் கொறைச்சான்னு எழுதுங்க. உண்மை அதுதானே."

ஜெகபர் அலி மேசை மேலிருந்த பழைய படிவத்தை எடுத்து அவன் பக்கம் திருப்பினார். ஒன்பதாவது வரியில் ஒரு கேள்வி இருந்தது. அளக்கும் நேரத்தில் இயந்திரம் வழக்கமான வேலை நிலையில் ஓடியதா? அதற்கு எதிரே, அவருடைய கையெழுத்தில், ஆம் என்று இருந்தது.

"இந்தக் கேள்வியை நான் யார்கிட்டயும் கேக்கலை. என் முன்னாடி ஓடறதுதான் வழக்கம்னு நானே நினைச்சுக்கிட்டேன். ஆம்னு எழுதினது மருதை இல்லை."

"எல்லாரும் சிரிப்பாங்க அத்தா."

"சிரிக்கட்டும்."

சொன்னாரே தவிர, அந்த வார்த்தை எளிதாக வரவில்லை. கடிதத்தைக் கிழித்து இரண்டு முறை எழுதினார். முன்கூட்டியே நேரம் சொல்லிப் போனது தன் பிழை, இயந்திரத்தின் நிலையை விசாரிக்காமல் எழுதியது தன் பிழை, முந்தைய அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று முடித்தார். மருதையின் பெயர் எங்கும் இல்லை.

கடிதம் போன ஒன்பதாம் நாள், எல்லார் முன்னிலையிலும் மறுபடி அளக்க உத்தரவாயிற்று. நகர அலுவலகத்திலிருந்து ஜோதி என்ற இளம் பொறியாளர் வந்திருந்தாள். பெலிண்டா, அவள் வீட்டு உரிமையாளர் ஆனந்தவள்ளி, சுரேஷ்குமார், தெருக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் சுவரோரம் நின்றார்கள். ஜோதி கடிதத்தைத் தானே படிக்கப் போனாள். ஜெகபர் அலி கையை நீட்டி வாங்கி, தன் குரலில் முழுதும் படித்தார். ஒரு வரியையும் விழுங்கவில்லை.

கூட்டத்தில் ஒருவர் மெதுவாகச் சொன்னார். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. "இவரைப் பாத்தா மெஷினே அடங்குதாம்ப்பா. ஒரு நாளு எங்க வீட்டுப் பக்கம் வரச் சொல்லு, எங்க மச்சான் வாய் அடங்குதா பாப்போம்."

சிரிப்பு எழுந்தது. ஜெகபர் அலி அது முடியும்வரை நின்றார். கலீம் தலையைக் குனிந்துகொண்டான். ஆனந்தவள்ளி மட்டும் சிரிக்காமல் பெலிண்டாவைப் பார்த்து, "நான்தான் புரியாமப் பேசிட்டேன் போல" என்றாள்.

"ஆரம்பிக்கலாம் சார்" என்றாள் ஜோதி.

மருதை எடையை உயர்த்தினான். பிரேக் கம்பியில் அவன் கை இருந்தது. எடை இறங்கியது. மெதுவாக இறங்கியது. கருவியில் எழுபத்து நாலு.

"மருதை, பிரேக்கை விடு" என்றார் ஜெகபர் அலி.

"விடறேங்கய்யா."

அடுத்ததும் பாதியில் பிடிபட்டுத்தான் இறங்கியது. மருதையின் நெற்றியில் வேர்வை ஓடியது. மனது விடச் சொல்கிறது, கை கேட்கவில்லை என்பது பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது. சுரேஷ்குமார் திட்ட வாயெடுத்தார். ஜெகபர் அலி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். கருவியை எடுத்துக் கலீமிடம் கொடுத்தார்.

"நீ எடு. சுவத்திலேர்ந்து தூரத்தைச் சரியா வச்சுக்க."

"நீங்க?"

"நான் இங்க நிக்கக் கூடாது."

தகரக் கதவைத் தாண்டி, தெருமுனை திரும்பி, இயந்திரத்திலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் ஒரு பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்தார். ஒரு நிமிடம் தெருவில் சைக்கிள் மணியும் காக்கையும்தான் கேட்டன. அப்புறம் முதல் அடி விழுந்தது. படிக்கல் அவருக்குக் கீழே நடுங்கிற்று. இரண்டாவது, மூன்றாவது. எண் என்ன என்று பார்க்க வேண்டியிருக்கவில்லை. எதிர்வீட்டுச் சன்னலை ஒரு கை வேகமாகச் சாத்தியது. அந்தத் தெரு இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்ததை அவர் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்.

முக்கால் மணி கழித்து பெலிண்டா தேடி வந்தாள்.

"எண்பத்தஞ்சு சார். குழாய் அடிக்கிறதை மத்தியானம் மூணு மணிக்கு மேல வச்சுக்கணும், சுத்தி ரப்பர்த் திரை கட்டணும்னு அந்த இன்ஜினியரம்மா எழுதிட்டாங்க. உள்ள வாங்க, கையெழுத்துப் போடக் கூப்பிடறாங்க."

"அளந்தது கலீம். அவன் போடட்டும்."

"ஒரு டீயாவது குடிங்க சார்."

"அந்தக் குழாய் முழுசா இறங்க இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்மா?"

"அரை மணி நேரம்னாங்க. அதுவரைக்கும் அந்தம்மா எண்ணை எழுதிட்டே இருப்பாங்களாம்."

"அப்ப அரை மணி கழிச்சு வரேன்" என்றார் ஜெகபர் அலி. "நீங்க போய்க் கருவிக்குப் பக்கத்துல நில்லுங்க."